சுடலைமுத்து திரும்பி வருகிற காட்சி

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு இல்லாத ஆளைக்கூடப் பார்த்துவிடலாம், சொல்வதற்கு ஒரு சினிமாக் கதை இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. நான் கார்டு இல்லாதவர்களும் கதை உள்ளவர்களும் வந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சங்கரன்கோவிலில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தனியார் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், ஆதார் திருத்தம். பெயர் கோமதி. இந்த ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்புவார்கள். அதில் திரைக்கதை எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டிலும் பீரோவுக்கு மேலே ஒரு நோட்டு கிடக்கும், எனக்குத் தெரியும். தினமும் அதை எடுத்துத் தூசி தட்டிவிட்டு அங்கேயே வைப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். விற்கிற மாதிரி ஒன்று எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதில் வாங்கிய அடிகளில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கு விழப்போகிற அடி கொஞ்சம் குறைவாக வலிக்கட்டும்.

நல்லவர்கள் மட்டும் வாழ்ந்த ஊர்

என் முதல் திரைக்கதை, லாங் சைஸ் நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மலையடிவாரத்தில் ஒரு கிராமம், அதில் ஏழு குடும்பம், எல்லாரும் நல்லவர்கள். மேகம் மலையை விட்டு இறங்கி வரும். பெண்கள் தண்ணீருக்குப் போவார்கள். யாராவது யாருக்காவது பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை எழுதிய நாட்களில் நான் அந்த ஊரில்தான் குடியிருந்தேன். எங்கள் தெருவில் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை விசைத்தறிச் சத்தம். என் வீட்டுக்காரர் இசக்கி வேறு தறி மெக்கானிக். அதனாலேயோ என்னவோ, என் கதையில் ஒரு பறவை கத்தினால் இரண்டு பக்கத்துக்குக் கத்தும்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஜெகன் என்ற பையன் வருமானச் சான்று வாங்க வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். சென்னையில் உதவி இயக்குநராக இருப்பதாகச் சொன்னதும் நோட்டை அவன் கையில் திணித்துவிட்டேன். நாலு நாள் கழித்து வந்தான். தூங்குகிற குழந்தையைப் படுக்கப் போடுவது மாதிரி நோட்டை மேஜையில் மெதுவாக வைத்தான். ரொம்ப அழகா இருக்கு என்று மூன்று தடவை சொன்னான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"அக்கா, நூறு பக்கம் தாண்டிட்டேன். இன்னும் ஒருத்தருக்கும் ஒண்ணும் வேணும்னு தோணலியே."

யாழினி யார்?

அதன்பிறகு எழுதிய கதையில் என் நாயகிக்கு ஒரு ஆசை கொடுத்தேன். அவள் பெயர் யாழினி. ஊரை விட்டுப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவளை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாததால் பகலெல்லாம் என்னோடேயே இருந்தாள். நான் சான்றிதழ் அடித்துக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டருக்குப் பின்னால் மழை பெய்யும். அவள் ரயில்வே ஸ்டேஷனில் ஒற்றைப் பையோடு உட்கார்ந்திருப்பாள். வெளியே பங்குனி வெயில், என் கண்ணுக்குள் நனைந்த தண்டவாளம்.

ஒருநாள் ஒரு கொத்தனாருக்குக் குடும்ப விவரம் பதிவு செய்தேன். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து என்னிடம் கேட்டார்:

"யம்மா, எம் பொண்டாட்டி பேரு மாரியம்மா. இந்த யாழினி யாரு? வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

கேமராவை எங்கே வைக்க?

ஒரு கடிதம் வந்து யாழினி மனம் உடைகிற இடம். அதற்கு நான் எழுதிய வரியை இப்போதும் ஒப்பிப்பேன். "அவள் மனசுக்குள் ஒரு தெப்பக்குளம் படிப்படியாக வற்றியது." எழுதி முடித்துவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. போனில் படம் எடுத்து ஜெகனுக்கு அனுப்பினேன். அழுது முடித்துவிட்டுக் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். கூப்பிட்டான். படப்பிடிப்பு நடக்கிற இடம் போல, பின்னால் யார் யாரோ சத்தம் போட்டார்கள். அவன் குரல் பொறுமையாகத்தான் இருந்தது:

"குளத்த மனசுக்குள்ள வச்சிட்டா, நான் கேமராவ எங்கன வைக்க, அக்கா?"

மூன்று மாதம் பார்த்தது

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மூன்று மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. வெறுமனே பார்த்தேன். பூ மார்க்கெட்டில் மல்லிகையை அள்ளுகிறவர்கள் பேசிக்கொண்டே அள்ளுவார்கள், கை மட்டும் தனியாக ஒரு கணக்கில் போகும். தறிக்கூடத்தில் சத்தத்தில் காது கேட்காது என்பதால் எல்லாரும் சைகையில் பேசுவார்கள். நெற்றியைத் தொட்டால் முதலாளி வருகிறார், வயிற்றைத் தடவினால் டீக்குப் போகலாம். ஒரு பெண் அப்படிச் சைகையிலேயே இன்னொருத்தியிடம் கோபித்துக்கொண்டதை ஒருநாள் பார்த்தேன். முகத்தைத் திருப்பவே இல்லை. நூலை முடிகிற விரல் மட்டும் ஒரு தரம் நின்றது. அந்த விரல்தான் என் தெப்பக்குளம் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ரோட்டில் நடந்து வரும்போது ஊரே யாரோ மெதுவாக ஓட்டுகிற படம் மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவர் திரும்பியதும், ஒரு குடை விரிந்ததும், எல்லாம் எனக்காகவே நடந்தது போல.

வீட்டிலும் அதே வேலைதான். இசக்கி சாப்பிடுவதை, சட்டைப் பொத்தான் போடுவதை, செருப்பை இடது வலது மாற்றித் தேடுவதைக் கண் எடுக்காமல் பார்த்தேன். இரண்டு நாள் தாங்கினார். மூன்றாவது நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏட்டி, ரெண்டு நாளா என்னையவே பாத்துட்டிருக்கியே, எங்கம்மா போன்ல ஏதும் சொன்னாளா?"

சர்வர் வரும்வரை

இ-சேவை மையத்தில் சர்வர் போய்விட்டால் உலகம் நின்றுவிடும். வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள். அங்கே என்னோடு வேலை பார்ப்பவள் ரஹ்மத். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். ஒருநாள் சர்வர் போனபோது, அந்தக் கதையைத்தான் சொல்லுங்களேன் அக்கா, பொழுது போகட்டும் என்றாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். காத்திருந்தவர்களும் காதைக் கொடுத்தார்கள்.

ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் அந்த நாற்காலிகள்தான். எந்த இடத்தில் ஒருவர் போனை எடுக்கிறாரோ அந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். யாழினியின் பள்ளிக்கூட நினைவுகள் வந்தபோது மூன்று பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அந்தப் பதினோரு பக்கம் அன்றைக்கே போய்விட்டது. இப்படி நாலைந்து மாதம் சொல்லிச் சொல்லிக் கதை பாதியாக மெலிந்தது. பிறகு ஒருநாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சர்வர் வந்துவிட்டது. ரஹ்மத் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாள். அந்த நம்பர்க்காரர் காலையிலிருந்து காத்திருந்தவர். எழுந்திருக்கவில்லை. கையைக் காட்டி ரஹ்மத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கொஞ்சம் இரும்மா. அந்தப் பிள்ள ரயில் ஏறிச்சா இல்லியா, அதச் சொல்லச் சொல்லு மொதல்ல."

ஏசி அறையில் ஒன்றரை மணி நேரம்

அந்தத் தைரியத்தில் சென்னைக்குப் போனேன். ஜெகன் ஒரு தயாரிப்பாளரிடம் நேரம் வாங்கிக் கொடுத்திருந்தான். இசக்கியும் கூட வந்து வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நான் ஒன்றரை மணி நேரம் கதை சொன்னேன். தயாரிப்பாளர் ஒரு தடவைகூடப் போனைத் தொடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். யாழினி ரயிலேறும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏசிக் குளிரில் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மேம்பாலம் தெரிந்தது. அதில் என் படத்தின் போஸ்டரை நானே ஒட்டிக்கொண்டிருந்தேன். கதை முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்து, மனசார, அன்பாகச் சொன்னார்:

"பிரமாதம்மா. வேற ஏதாவது கதை இருக்கா?"

'வரலை' என்று மட்டும்

வேறு கதை என்னிடம் இல்லை. பழையபடி சான்றிதழ் அடித்தேன். அப்போதுதான் ராயகிரியிலிருந்து வேலம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கிணற்று மோட்டாரின் கரண்ட் இணைப்பு அவருடைய கணவர் பெயரில் இருக்கிறது, அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். கணவரின் இறப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்போது இறந்தார் என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் காலையில் ராஜபாளையத்துக்கு மோட்டார் பெல்ட் வாங்கப் போனவர் திரும்பவில்லை. சண்டையில்லை, கடன் இல்லை. பஸ் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை.

இத்தனை வருஷம் தகவல் இல்லையென்றால் கோர்ட்டில் மனுப் போட்டு இறந்தவராக அறிவிக்கச் சொல்லலாம், அதன்பிறகு எல்லாம் மாறும் என்று விளக்கினேன். மனுவையும் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். 'இறந்தவர்' என்று நான் அடித்த சொல்லை வேலம்மாள் திரையில் விரல் வைத்துக் காட்டினார். அதை எடுத்துவிட்டு 'வரலை' என்று போடச் சொன்னார். அப்படிப் போட்டால் மனு நிற்காது என்றேன். யோசித்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபமெல்லாம் இல்லை. போகும்போது சொன்னார்:

"இத்தன வருசமா அவரு பேருலதானம்மா தண்ணி பாயிது. பாயட்டும்."

யாருடைய கதை

அன்று சாயங்காலமே நோட்டை எடுத்தேன். அடுத்த நாற்பது நாளில் எழுதி முடித்துவிட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் எழுதினேன் என்பதைவிட, ஒரு பெண் கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள், நான் பின்னால் போனேன் என்று சொல்லலாம். கடைசிக் காட்சியில் அவள் வாசலில் தனியே உட்கார்ந்திருக்கிறாள், பாதை வெறுமையாக இருக்கிறது, படம் முடிகிறது. ஜெகன் அதை ஓடிடிக்குப் படமெடுக்கிற பிரபாகர் என்பவரிடம் கொடுத்தான். அவர் என்னைக் கூப்பிட்டு, எடுக்கலாம் மேடம், ஆனால் கடைசியில் கணவர் திரும்பி வர வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. விற்பதற்காக அப்படி ஒரு பொய்யை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ரஹ்மத்திடம் பெருமையாகச் சொன்னேன், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன் என்று. அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் எழுத மாட்டேன், உண்மையைத்தான் எழுதுவேன் என்று நான் இரண்டாம் தடவை சொன்னபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள்:

"அந்தம்மா நம்மகிட்ட விண்ணப்பம் போட வந்தாங்க அக்கா. கதை குடுக்க வரலியே."

ராயகிரி

விண்ணப்பத்தில் வேலம்மாளின் விலாசம் இருந்தது. அதை வைத்துத் தேடிப் போவதே தப்பு என்று மனசு சொன்னது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். மலை முழுக்க மேகம். வீட்டுக்குப் பின்னால் கிணறு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் வாய்க்காலில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேலம்மாள் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உங்களைக் கேட்காமல் உங்கள் கதையை எழுதிவிட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றால் இங்கேயே கிழித்துப் போடுகிறேன் என்று தாள்கட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. என்ன எழுதியிருக்கு, சொல்லு என்றார்.

சொன்னேன். கடலை உடைபடுகிற சத்தம் நிற்கவே இல்லை. அதனால் கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. பெல்ட் வாங்கப் போகும்போது அவர் போட்டிருந்தது நீலச் சட்டை என்று நானாக எழுதியிருந்தேன். இல்லை, காப்பிக் கலர் என்று திருத்தினார். அவ்வளவுதான் பேசினார். கடைசியில் அவள் வாசலில் தனியே உட்கார்ந்திருக்கிறாள் என்று முடித்தேன். கடலைச் சத்தம் நின்றது. அப்ப அவரு வரலியா என்று கேட்டார். வந்தால் நம்ப மாட்டார்கள், சினிமா மாதிரி ஆகிவிடும் என்றேன். சினிமாதான எடுக்கீங்க என்றார்.

அவராகவே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். சாயங்காலமாகத்தான் வருவாராம். உள்ளே வர மாட்டாராம், கூச்சப்பட்டு வேப்ப மரத்துக்குக் கீழேயே நிற்பாராம். கையில் பெல்ட் இருக்காதாம். இத்தனை தெளிவாக அவர் பார்த்து வைத்திருந்ததை நான் எழுதாமல் விட்டிருந்தேன். நீங்கள் ஓடிப்போய் அழுவீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வேலம்மாள் தொழுவத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் எதுக்கு ஓடணும்? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருப்பேன். அது குடிச்சு முடிக்கட்டும், அதுவரைக்கும் அவரு அங்கனயே நிக்கட்டும்."

விற்காத பெயர்

அந்தக் காட்சியை அவர் சொன்னபடியே எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. பிரபாகர் போனில் படித்துக் காட்டச் சொன்னார். மாடு குடிக்கிறது, அவள் வாளியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள், அவர் நிற்கிறார் என்று முடித்தேன். ஒப்பந்தம் அனுப்புகிறேன் மேடம் என்றார். விற்கவில்லை என்று ஆறு வருஷம் அழுதவளுக்கு அன்று அழுகை வரவில்லை. வாசலில் போய்ச் சும்மா நின்றேன். தறிச் சத்தம் ஒரே தாளமாகக் கேட்டது, நன்றாகத்தான் இருந்தது.

வேலம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். படத்தில் தன் பெயர் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், கணவர் பெயர் மட்டும் சுடலைமுத்து என்றே இருக்க வேண்டும். பிரபாகர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் விற்காது, ஆதித்யா என்று வைக்கலாம் என்றார். நான் ஊரை மாற்ற விட்டேன். தலைப்பை மாற்ற விட்டேன். தேவையே இல்லாத ஒரு பாட்டை நடுவில் வைக்க விட்டேன். பெயரில் மட்டும் அசையவில்லை. மூன்று வாரம் இழுத்தது. ஒப்பந்தம் கையைவிட்டுப் போய்விடும் என்று ஜெகன் பயந்தான். போனால் போகட்டும் என்று நான் சொன்னது எனக்கே யாரோ சொல்வது போலக் கேட்டது. கடைசியில் பிரபாகர் இறங்கி வந்தார்.

படம் வெளியானதும் வேலம்மாள் பஸ் ஏறி எங்கள் மையத்துக்கே வந்தார். இசக்கியும் வந்திருந்தார். ரஹ்மத்தின் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினோம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடிகரைப் பார்த்து, ஆளு இவ்வளவு சிவப்பு இல்ல, ஆனா நிக்கது அப்படித்தான் நிக்காரு என்றார். கடைசிக் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ, சுடலைமுத்து வந்துட்டாரு, சுடலைமுத்து வந்துட்டாரு என்று சொல்லிக்கொண்டு போவாள். அதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டோம். பெயரில் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கயாவது இருந்து பாத்தாருன்னா, இன்னும் நம்மளத் தேடுதாங்கன்னு தெரிஞ்சிக்கிடுவாருல்லா."

ஆறு வருஷம் கற்றுக்கொண்ட தொழிலில் 'எழுத்து: கோமதி' என்று என் பெயர் திரையில் நின்றது சரியாக மூன்று விநாடி, அந்த மூன்று விநாடியும் என் வீட்டுக்காரர் தும்மிக்கொண்டிருந்தார்.